கட்டி எண் மூன்று

கண்டனூரில் அந்த வீட்டை இடித்தபோது
கதவுகள் முதல் வாரமே காரைக்குடிக்குப் போயின,
முனீஸ்வரன் கோவில் தெருவில்
விலைச்சீட்டு கட்டிக்கொள்ள.
தூண்கள் கொச்சிக்கு. கண்ணாடிகள் யாருக்கோ.
மிச்சம் இருந்தது சுவர்.
சுவருக்கு ஆள் வரவில்லை.

ஊருணிக் கரையில் கொட்டியதற்கு
அடைக்கப்பனுக்குப் பஞ்சாயத்தில் அபராதம்.
ரசீதை என் மேசையில் வைத்துவிட்டு
"இதையாச்சும் அரைச்சுத் தொலை" என்றான்.
நாற்பத்தொரு டிராக்டர்,
காரையும் செங்கல் நொறுங்கலும்.

கடனுக்கு வாங்கிய கிரஷர்
திருச்சி சாலை ஓரத்தில்
நாள் முழுக்க மென்றது.
ஆத்தங்குடியிலிருந்து உடைசல் டைல்ஸ்.
தேவகோட்டை ரஸ்தாவில், வயிரவன் மில்லில்
உமிச்சாம்பல்.
கறுத்த மூட்டைகள் வேண்டாம் என்றேன்.
"சாம்பல்ல என்னம்மா நெறம் பாக்குற,
பொண்ணா பாக்குற?" என்றார் மில்காரர்.
கறுப்பென்றால் உள்ளே எரியாத கரி.
சொல்லி முடிக்கப் பொழுதில்லை,
மூட்டையைத் திருப்பினேன்.

முதல் கலவை
சகாயராணியின் கரண்டியிலேயே இறுகிவிட்டது.
"இது மணல் இல்லக்கா, மொடாக்குடி."
பழஞ்சுவர்த் தூள் தண்ணீரையெல்லாம் குடித்து
சிமென்ட்டுக்கு ஒரு மிடறும் விடவில்லை.
அதன்பின் ராத்திரியே நனைத்துவைத்தோம்,
இட்லிக்கு அரிசி போடுகிற கணக்கில்.

ஏழு சென்டிமீட்டர்க் கட்டிகள், ஆறு.
பாலிடெக்னிக் தொட்டியில்
இருபத்தெட்டு நாள் தண்ணீருக்குள்.
தலையில் மார்க்கரால் எண்.
அதற்குள்
வங்கியிலிருந்து நான்கு போன்,
சித்தி மகள் நிச்சயதார்த்தம் (போகவில்லை),
ஒரு மழை, ஊருணி பாதி.

அழுத்தும் எந்திரத்தின் முள் ஏறுகிறது.
ஒன்று தாங்கியது.
இரண்டும் தாங்கியது.
மூன்று, பாதி வழியில்
பட்டென்று குறுக்கே பிளந்தது.

பிளவுக்குள் ஒரு நீலம்.
வளையல் சில்லு, நகக்கண் அகலம்,
இன்னும் பளபளப்பாய்.
சாந்து அதன் எந்தப் பக்கத்தையும் பற்றவில்லை.

எந்தக் கை, எந்த அறை, என்ன சண்டை
என்றெல்லாம் கேட்கத் தோன்றியது உண்மை.
லேப் உதவியாளர் ரிஜிஸ்தரை நீட்டியபடி நின்றார்,
அவருக்கு ஐந்து மணி பஸ்.
எழுதினேன்:
எண் 3. தேறவில்லை. காரணம்: சல்லடைக் கிழிசல்.

சாயங்காலம் சல்லடையை வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
இரண்டு விரல் நுழைந்தது.
கம்பி வாங்கித் தைத்தேன்.
சில்லு என் பர்ஸில் கிடக்கிறது, காசுகளோடு.
இரண்டு கடைக்காரர்கள்
திருப்பித் தந்துவிட்டார்கள்.

நான்கு, ஐந்து, ஆறு தாங்கின.

"குப்பையில வீடுன்னு எழுதினா
பில்லு எப்படிம்மா பாஸாகும்?"
ஒன்றிய அலுவலக ஓவர்சியர் தாள் கேட்டார்.
எல்லாத் தாளையும் தந்தேன்,
மூன்றாம் கட்டியின் பக்கத்தையும் சேர்த்து.
அவர் அதில்தான் அதிக நேரம் நின்றார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

முதலில் எழுந்தது
கோட்டையூர் தாண்டி,
சகாயராணிக்கு வந்த தொகுப்பு வீடு.
கண்டனூரில் அவள் கூடையில் இறங்கிய சுவர்தான்.
அதைப்பற்றி அவள் பேசவில்லை.
பூச்சு கொஞ்சம் கறுப்பு,
ஆங்காங்கே டைல்ஸ் தூளின் சிவப்பு.
"வெள்ளையடிச்சா மறைஞ்சிரும்" என்றாள்.

பால் காய்ச்சிய மறுவாரம் போன் வந்தது,
எடுத்ததுமே கோபம்.
"மாதா படம் மாட்டணும்.
நாலு ஆணி வளைஞ்சிருச்சு.
அப்படி என்னத்தத்தான்க்கா கலந்த?"

ரிஜிஸ்தரில் இதற்குக் கட்டம் இல்லை.
டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு
கிளம்பினேன்.